படைச் சமையற்காரர் முறையில் 250 பேருக்கு ஒரு நேரச் சாப்பாடு

வெள்ளத்துக்கு இடம்பெயர்ந்தவர்கள் பாடசாலையில் தங்கியிருக்கும்போதோ, ஊர்க் கோயிலில் அன்னதானம் நடக்கும்போதோ சமைக்க ஆள் கிடைக்காமல் போவதில்லை. நன்றாகச் சமைக்கத் தெரிந்த பத்துப் பேர் சேர்ந்தும் சாப்பாடு இரண்டு மணிக்குத்தான் இறங்குகிறது, அடிப் பிடித்த சோறும் ஆறிப்போன பால்கறியுமாக. சமையல் தெரியாததால் இது நடப்பதில்லை. வீட்டுச் சமையலைப் பெருக்கினால் பெருஞ்சமையல் வந்துவிடும் என்று கணக்குப் போடுவதால் நடக்கிறது.

படையோடு வெளிநாடு போய்ச் சமைத்தவர்கள் கற்றுக்கொள்ளும் முதற்பாடம், சாப்பாட்டு நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவது. அதற்குப் பிறகுதான் நெருப்பும் தண்ணீரும் சூடும். கறியின் கைப்பக்குவம் கடைசி. கிரிமியப் போரில் பிரித்தானியப் படைவீரர்கள் ஆளுக்கொரு தகரத்தில் தனித்தனியாக இறைச்சி அவித்து விறகை வீணாக்கிக்கொண்டிருந்தார்கள். 1855இல் அங்கே போன சமையல் வல்லுநர் அலெக்சிஸ் சோயர் ஒரு தகர உருளைக்குள்ளேயே நெருப்பை அடைத்து, மேலே பானையை வைத்தார். கொஞ்ச விறகு, காற்று மழைக்கு அசையாத அடுப்பு. அந்த அடுப்பு 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பிரித்தானியப் படையிடம் இருந்தது. சமையலுக்கென்று தனிப் படைப்பிரிவு 1941இல்தான் அங்கே உருவானது. 1993இல் அது வழங்கல் பிரிவோடு இணைக்கப்பட்டது. கீழே உள்ளவை இப்படிப்பட்ட களச் சமையலறைகளின் முறைகள், யாழ்ப்பாணத்து மண்ணுக்கும் கிணற்றுக்கும் சோற்றுக்கும் ஏற்றபடி.

கணக்கு: 250 பேர், மதியச் சாப்பாடு, 12.30க்கு முதல் தட்டு. சைவம். முகாமில் எல்லோரும் தயங்காமல் சாப்பிடுவார்கள் என்பது ஒரு காரணம். குளிர்ப்பெட்டி இல்லாத இடத்தில் இறைச்சியும் மீனும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம் என்பது பெரிய காரணம்.

அடுப்பு

படைகளின் அகழி அடுப்புக்கு ஒரு நீளக் கிடங்கு, ஒரு முனையில் நெருப்பு வாய், மறுமுனையில் புகைபோக்கி, நடுவில் வரிசையாகப் பானைகள். ஒரே நெருப்பு மூன்று பானையைச் சூடாக்கும். மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் பெரும்பங்கு காற்றோடு போய்விடும்; இதில் புகை வெளியே போவதற்கு முன் மூன்று அடியைத் தடவிவிட்டுத்தான் போக வேண்டும்.

60 லீற்றர் கிடாரம் மூன்று வைக்க, கிடங்கு 2.5 மீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் இருக்கட்டும். வாய்ப் பக்கம் 45 சென்ரிமீற்றர் ஆழம், புகைபோக்கிப் பக்கம் போகப் போகக் குறைந்து 20. இந்தச் சரிவை விட்டுவிட்டால் சூடு முதல் கிடாரத்தடியிலேயே நின்றுவிடும். கிடாரத்துக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள வெடிப்பையெல்லாம் குழைத்த களிமண்ணால் அடைக்க வேண்டும். புகைபோக்கிக்கு அடி வெட்டிய தகரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் போதும், நாலு அடி உயரம் வேண்டும். நெருப்பு வாய் காற்று வரும் திசையைப் பார்த்திருக்கட்டும்: மாரியில் வாடைக்கு வடகிழக்கு, சோளகத்தில் தென்மேற்கு. ஆனால் சோளகம் உரத்து வீசும் நாளில் நேரே திறந்துவைத்தால் நெருப்பு மூன்றாவது கிடாரத்தைத் தாண்டி வெளியே போகும். வாய்க்கு முன்னால் ஒரு தகரத்தைச் சரித்து வைத்து, காற்றைத் திறந்து மூடுங்கள்.

உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண்ணில் இதை ஒரு மணித்தியாலத்தில் வெட்டிவிடலாம். வலிகாமத்தில் பல இடங்களில் ஒரு முழம் போகுமுன் சுண்ணாம்புப் பாறை இடிக்கும். வடமராட்சி கிழக்கு மணலில் கரை சரிந்து விழும். கார்த்திகை, மார்கழியில் பல இடங்களில் வெட்டிய கிடங்கில் தண்ணீர் ஏறி நெருப்பில் நிற்கும். ஆகவே மாரிக்கால முகாமில் வெட்ட வேண்டாம். அதே அளவை நிலத்துக்கு மேலே செங்கல்லால் கட்டி, உள்ளும் புறமும் களிமண் பூசுங்கள். செங்கல் இல்லாவிட்டால் சீமெந்துக் கல்லையும் பயன்படுத்தலாம். அது நெருப்பில் வெடித்துப் பிளக்கும் என்பதால் உட்புறம் இரண்டு அங்குலம் மண் பூச்சுக் கட்டாயம். ஈரமான சுண்ணாம்புக் கல்லையும் கடற்கல்லையும் அடுப்புக்குக் கிட்டவும் கொண்டுவர வேண்டாம். உள்ளே நிற்கும் ஈரம் ஆவியாகிச் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போகும்.

விறகு ஏறத்தாழ 100 கிலோ, கையிருப்பாக இன்னும் 50. பனை மட்டையும் தென்னம் பாளையும் பிடித்தவுடன் எரியும், ஆனால் நிலைத்து நிற்காது. தண்ணீர் கொதிக்க வைக்க நல்லவை. கொதித்த பிறகு வேண்டியது கனமான கொள்ளி. சோறு புழுங்கும் நேரத்தில் சிரட்டைத் தணல் போதும். மழையில் நனைந்த விறகைச் சூடான புகைபோக்கிப் பக்கம் அடுக்கி வைத்தால் அடுத்த நேரத்துக்குக் காய்ந்திருக்கும். நெருப்புக்கு ஒரே ஒரு ஆள். வருகிறவர் போகிறவரெல்லாம் ஒரு கட்டை தள்ளிவிட்டுப் போகும் அடுப்பில்தான் சோறு அடிப் பிடிக்கிறது.

தண்ணீர்

அரிசி கழுவ, சமைக்க, பாத்திரம் கழுவ, குடிக்க எல்லாமாக 1,500 லீற்றர் எதிர்பாருங்கள். வெள்ளம் ஏறி இறங்கிய கிணற்றுத் தண்ணீர் தெளிவாக இருந்தாலும் நம்பக் கூடாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புப் பாறை வெடிப்பும் பொந்துமாக இருப்பதால் மலசலகூடக் குழியிலிருந்து கிணற்றுக்கு அழுக்கு விரைவாகப் போய்ச் சேரும். மண் வடிகட்டிவிடும் என்ற ஆறுதல் இங்கே இல்லை. கிணற்றுக்குக் குளோரின் போட பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழையுங்கள். தாங்கியில் ஏற்றிய தண்ணீருக்கு நீங்களே போடலாம்: வாசனை சேராத 5 வீதக் குளோரின் கரைசல் 1,000 லீற்றருக்கு 100 மில்லிலீற்றர், கலக்கி அரை மணித்தியாலம் விடுங்கள். மங்கலான தண்ணீரை முதலில் துணியில் வடித்து, பிறகு இரு மடங்கு போட வேண்டும். அரை மணிக்குப் பிறகு மூக்கில் இலேசான குளோரின் வாடை வராவிட்டால் இன்னொரு முறை போடுங்கள்.

அமெரிக்கப் படையின் கையேடுகள் கழிப்பிடத்தைச் சமையலிடத்திலிருந்து 100 மீற்றர் தள்ளி, காற்றுக்கும் சரிவுக்கும் கீழே வைக்கச் சொல்லும். பாடசாலை வளவில் அவ்வளவு இடம் கிடைக்காது. அடுப்பை எங்கே போடுவது என்பது மட்டும் உங்கள் கையில் உண்டு. இருக்கும் மலசலகூடத்திலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். கிணற்றடிக்குக் கிட்டப் போட்டால் தண்ணீர் அள்ளச் சுகம்தான், ஆனால் கழுவிய எண்ணெய்த் தண்ணீர் திரும்பக் கிணற்றுக்கே போகும்.

யாழ்ப்பாணத்துத் தண்ணீரின் கல்தன்மை இன்னொரு தொல்லை. கடலை, கௌபி, முழுப் பயறு ஆகியவற்றின் தோலைச் சுண்ணாம்புச் சத்து இறுக்கிவிடும். மூன்று மணித்தியாலம் எரித்தாலும் உள்ளே மாவாகாது. முதல் நாள் இரவே கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா போட்டு ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு அவியுங்கள். புளியும் தக்காளியும் அவிந்த பிறகுதான். மைசூர்ப் பருப்புக்கு இந்தச் சிக்கல் இல்லை. முகாமுக்கு அதைச் சொல்வது அதனால்தான்.

சாமான்

குத்தரிசி அல்லது சம்பாப் புழுங்கல் 36 கிலோ
மைசூர்ப் பருப்பு 9 கிலோ
கத்தரிக்காய் 18 கிலோ, பூசணிக்காய் 20 கிலோ
வெங்காயம் 6 கிலோ, உள்ளி 750 கிராம், பச்சைமிளகாய் 1 கிலோ
தேங்காய் 36
பழப்புளி 1 கிலோ, யாழ்ப்பாணத்துக் கறித்தூள் 600 கிராம், மஞ்சள் 100 கிராம்
உப்பு 2 கிலோ, எண்ணெய் 4 லீற்றர்
கடுகு, பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, செத்தல்

இதில் தலைக்கு 400 கிராம் சோறும் 140 கிராம் பருப்பும் வரும். சிறுவர்கள் கூடிய முகாமென்றால் அரிசி 30 கிலோவே போதும். அன்னதானத்துக்குக் குறைக்க வேண்டாம். செல்வச்சந்நிதி முருகனுக்கு அன்னதானக் கந்தன் என்று பேர் விழுந்த ஊரில் சோறு முடிந்துவிட்டது என்று சொல்லும் துணிவு யாருக்கும் இராது.

வீட்டில் பத்துப் பேருக்கு வைக்கும் கறியை 25ஆல் பெருக்கக் கூடாது. பெரிய கிடாரத்தில் கறி ஆழமாக இருக்கும், ஆவி போகும் வாய் அதற்கேற்ப அகலமாக இராது. அதனால் தண்ணீர் வற்றாது; கணக்கில் வருவதில் முக்கால் பங்கு ஊற்றுங்கள். தூளும் உப்பும் முதலில் முக்கால், மீதி இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன்பு ருசி பார்த்து. உப்புக்கு ஒரு பொது அளவு: வெந்த கறி 100 கிலோவுக்கு 1 கிலோ. ஆறு கிலோ வெங்காயத்தை ஒரே முறையில் எண்ணெயில் கொட்டினால் தண்ணீர் விட்டு அவியும், வதங்காது. இரண்டு கிலோவாக மூன்று முறை.

நேரம்

12.30இலிருந்து பின்னோக்கிப் போகும்போது எது பொறுக்கும், எது பொறுக்காது என்பதே வரிசையைத் தீர்மானிக்கும். புளி விட்ட குழம்பு பொறுக்கும், நேரம் போகப் போக ருசிக்கவும் செய்யும். பருப்பு சூடாக மூடி வைத்தால் பொறுக்கும். பால்கறி பொறுக்காது. சோறும் அதிக நேரம் பொறுக்காது.

6.00க்கு அடுப்பு மூட்டி மூன்று கிடாரத்திலும் தண்ணீர். ஒன்று தேத்தண்ணிக்கு, இரண்டு கழுவவும் கையிருப்புக்கும். அந்த நேரத்தில் மரக்கறி வெட்டலாம். வெட்டியதை வெயிலில் குவித்து வைக்க வேண்டாம். கத்தரிக்காயை மட்டும் உப்புத் தண்ணீரில் போடுங்கள். 8.30க்குக் கத்தரிக்காய்க் குழம்பு. கத்தரிக்காயைப் பொரித்துப் போட்டால் உடையாது, எண்ணெயில் முக்கால்வாசியும் அதற்குத்தான். 9.00க்குப் பருப்பு: 9 கிலோவுக்கு 27 லீற்றர் கொதிநீர், மஞ்சள், உள்ளி. கொதித்து அரை மணித்தியாலத்தில் கரையும். அந்த அரை மணி முழுவதும் ஒருவர் மரத் துடுப்பால் அடியைத் தடவிக்கொண்டே நிற்க வேண்டும். கடைசிப் பத்து நிமிடத்தில்தான் அது பிடிக்கும், எல்லோரும் வேறு வேலைக்குப் போயிருக்கும் நேரம். பால் விட்டு ஒரு கொதி காட்டி, தாளித்து, 10.15க்கு வைக்கல் பெட்டிக்குள் (சூடு ஆறாமல் காக்கும் பெட்டி, செய்முறை கீழே) போகட்டும்.

சோறு இரண்டு கிடாரம் 10.45க்கு, மூன்றாவது 11.15க்கு. இரண்டாம் கிடாரத்துச் சோறு இறங்கியதும், 11.50க்கு அந்த இடத்தில் பூசணிக்காய்ப் பால்கறி. முக்கால் பதத்தில் நெருப்பை இழுத்துவிடுங்கள். 20 கிலோ பூசணிக்காயின் சூடு இன்னும் கால் மணித்தியாலம் அதை அவித்துக்கொண்டிருக்கும். முழுப் பதம் வரும்வரை எரித்தால் பந்திக்குக் களிதான் போகும். முதற்பாலை நெருப்பு இழுத்த பிறகு விட்டு, கொதிக்க விடாமல் கிளறுங்கள். திரைந்த பாலை மறுபடி சேர்க்க வழி இல்லை. பாலைப் பிழிவதும் அதற்குச் சற்று முன்தான். காலை ஏழு மணிக்குப் பிழிந்து வாளியில் வைத்த பால் 12 மணிக்குப் புளித்திருக்கும். துருவ ஆள் இல்லாவிட்டால் பக்கற் தேங்காய்ப்பால் மாவைப் பாவியுங்கள், பிழையில்லை.

சோறு

கஞ்சியோடு கொதிக்கும் கிடாரத்தைச் சரித்து வடிப்பதுதான் பெருஞ்சமையலில் மிக ஆபத்தான வேலை. வற்றவைக்கும் முறையில் அது தேவையில்லை. ஒரு கிடாரத்துக்கு 12 கிலோ அரிசி, 26 லீற்றர் தண்ணீர். அரிசியை அரித்துக் கழுவி, தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு போடுங்கள். ஒரு முறை அடியோடு கிளறி, பிறகு தொடவே வேண்டாம். தண்ணீர் வற்றி அரிசி மட்டத்துக்கு வந்ததும் கீழே உள்ள கொள்ளியை இழுத்து, மூடியின்மேல் தணல் பரப்பி, ஓரத்தை ஈரத்துணியால் அடைத்து 20 நிமிடம் விடுங்கள். அரிசி பழசென்றால் தண்ணீர் கிலோவுக்குக் கால் லீற்றர் வரை கூடக் குடிக்கும். முகாமுக்கு வரும் அரிசி எந்த வயதென்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆகவே முதல் நாள் ஒரு கிலோவில் வைத்துப் பாருங்கள்.

அடிப் பிடித்த வாடை வந்தால் கிளறக் கூடாது, சுரண்டக் கூடாது. மேல் முக்கால் பங்கை மெதுவாக வேறு பாத்திரத்துக்கு அள்ளிவிடுங்கள். துடுப்பு ஒரு முறை அடியில் பட்டால் 34 கிலோ சோறும் மணக்கும்.

மூன்றாவது கிடாரத்தைப் பிந்தி வைப்பது ஏனென்றால், சோற்றைப் பாயில் கொட்டிப் பரப்பும் நம் கலியாண வீட்டு வழக்கம் பார்க்க அழகு, பாதுகாப்புக்குச் சரியில்லை. அரிசியிலுள்ள சில கிருமிகளின் வித்துகள் கொதியிலும் சாகாது. சோறு இளஞ்சூட்டில் நிற்கும்போது அவை முளைத்து, வாந்தி தரும் நஞ்சைச் சுரக்கும்; திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. பிரித்தானிய விதிப்படி சமைத்த உணவு 63 பாகை செல்சியசுக்கு மேல் நிற்க வேண்டும், அதற்குக் கீழே இறங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டு முடிய வேண்டும். பந்திக்கு 50 பேர், பந்தி ஒன்றுக்கு 25 நிமிடம் என்றால் 250 பேருக்கு இரண்டு மணி தாண்டிவிடும். கடைசிப் பந்தி மூன்றாவது கிடாரத்துச் சோற்றைச் சாப்பிட வேண்டும். முகாமில் பந்தி வேண்டாம், இரண்டு வரிசை. ஆளுக்குப் பத்து விநாடி போனாலும் 21 நிமிடத்தில் முடிந்துவிடும்.

வைக்கல் பெட்டி

முதலாம் உலகப் போரில் பதுங்குகுழிகளுக்குச் சுடச்சுட உணவு அனுப்ப வைக்கல் அடைத்த பெட்டிகளைப் பயன்படுத்தினார்கள். இன்றைய படைகளின் இரட்டைச் சுவர்ப் பெட்டிகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. இங்கே செய்ய: ஒரு மரப்பெட்டி அல்லது புதிய றெஜிபோம் பெட்டி, பாத்திரத்தைச் சுற்றியும் அடியிலும் மேலும் 10 சென்ரிமீற்றர் காய்ந்த வைக்கல் இறுக்கமாக. மேலே சாக்குத் தலையணை. பாத்திரம் விளிம்பு வரை நிறைந்திருக்க வேண்டும், கொதித்துக்கொண்டிருக்கும்போதே இறக்க வேண்டும். அரைப் பாத்திரம் வைத்தால் உள்ளே இருக்கும் காற்று சூட்டைக் குடித்துவிடும். 20 லீற்றருக்கு மேற்பட்ட பருப்போ குழம்போ இரண்டரை மணித்தியாலம் நல்ல சூட்டில் நிற்கும். இடையில் யாரும் திறந்து பார்க்கக் கூடாது. ஈரமான வைக்கல் உதவாது. வைக்கும்போது மிதமான சூட்டில் இருந்த கறி அதே சூட்டில் நிற்கும், கிருமிக்கு அதைவிட வசதியான இடம் இல்லை. சமையல் வெப்பமானி ஒன்று வாங்கி வையுங்கள். பெட்டியைத் திறந்ததும் நடுவில் குத்திப் பாருங்கள், 63க்குக் கீழே என்றால் அடுப்பில் ஏற்றி முழுக் கொதி காட்டிய பிறகே அகப்பை.

ஆட்களும் கழுவலும்

நிறைந்த கிடாரம் 50 கிலோவுக்கு மேல். காதுகளுக்குள் தடி செருகி இரண்டு பேர் தூக்க, ஒருவர் முன்னால் வழிவிலக்கிக்கொண்டு போகட்டும். பிடிதுணி காய்ந்ததாக இருக்க வேண்டும். ஈரத்துணியில் சூடு உடனே கைக்கு ஏறும். நைலோன் உடுப்போடு அடுப்படிக்கு வரக் கூடாது, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடும் வரக் கூடாது. சுட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம். பற்பசை, நல்லெண்ணெய் ஒன்றும் பூச வேண்டாம்.

வயிற்றோட்டம் வந்தவர் நின்று 48 மணித்தியாலம் ஆகும்வரை சமையலுக்குள் வேண்டாம், அவர் எவ்வளவு பெரிய கைகாரராக இருந்தாலும். கையில் காயம் உள்ளவர் விறகுக்குப் போகட்டும்.

தட்டுக் கழுவ மூன்று பீப்பா: முதலாவதில் சவர்க்காரச் சுடுநீர், இரண்டாவதில் சுத்தத் தண்ணீர், மூன்றாவதில் கொதிக்கும் தண்ணீர். மூன்றாவதில் அரை நிமிடம் அமிழ்த்தி எடுத்துக் கவிழ்த்தால் தானே காயும், துணியால் துடைக்க வேண்டாம். அந்தத் துணிதான் 250 தட்டுக்கும் ஒரே அழுக்கைப் பங்கு போடுவது. வாழையிலை கிடைத்தால் பீப்பா வேலையே இல்லை. காலைக் கஞ்சிக்குப் பிளா கோலலாம், ஓலைக்குப் பஞ்சமில்லாத ஊர்.

எண்ணெய்த் தண்ணீரை வைக்கல் நிரப்பிய துளைத் தகரத்தினூடாக ஊற்றி, கொழுப்பை வைக்கலில் பிடித்து, தண்ணீரைக் கிணற்றிலிருந்து தள்ளி வாழைக்கு விடுங்கள். வைக்கலை நாளுக்கு நாள் மாற்றி எரித்துவிட வேண்டும்.

மிஞ்சிய சோற்றை இரவுக்கென்று கிடாரத்தில் மூடி வைக்கவே கூடாது. நடுப்பகுதி நள்ளிரவு வரை இளஞ்சூட்டில் இருக்கும். ஒவ்வொரு கறியிலும் ஒரு சிறு போத்தல் எடுத்து, திகதி எழுதி, பக்கத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் வையுங்கள். யாருக்காவது வருத்தம் வந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கொடுக்கலாம். மிஞ்சியதை நிறுத்துக் கொப்பியில் குறியுங்கள். 10 கிலோ சோறு மிஞ்சியிருந்தால் நாளைக்கு மூன்றரை கிலோ அரிசியைக் குறையுங்கள். மூன்றாவது கிடாரத்திலிருந்து குறைத்தால் முதலிரண்டுக்கும் தண்ணீர் அளவு மாறாது.